ஒரு பிடி பாசி

ஜூன் 4

சம்பந்தியம்மாவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். முந்தாநாள் நீங்கள் கத்தியது எனக்குப் பாதிதான் கேட்டது. நான் கத்தியதும் உங்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் மருமகளுக்கு, அதாவது உங்கள் மகளுக்கு, இது ஏழாம் மாதம். கழுத்து லேசாகத் தடித்திருக்கிறது, உடம்பில் அயோடின் குறைச்சல் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தது உங்களுக்குத் தெரியும். மாத்திரை என்ன, பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாள். "அம்மா வைக்கிற பாசி சூப் இருந்தா குடிப்பேன் அத்தை" என்று ஒரே அழுகை. டாக்டரிடம் கேட்டேன். "கடல்ல விளையறதுல அயோடின் நிறைய இருக்கு. கொடுங்க, ஆனா கொஞ்சமா கொடுங்க" என்றார். உங்களுக்குச் சொன்னேன். நீங்களும் ஒரு பை நிறையக் காய்ந்த கடற்பாசியும் ஒரு சீட்டும் அனுப்பினீர்கள்.

சீட்டில் இருந்தது மொத்தம் ஒன்பது சொல். "ஒரு பிடி பாசி. ஊறவைத்துக் கொதிக்க விடவும். தினம் ஒரு வேளை." அதையும் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தீர்கள். நானும் என் மகனும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தோம்.

அதன்படிதான் செய்தேன். ஆறாம் நாள் பெண்ணுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "அயோடின் கொறைஞ்சாலும் கஷ்டம், கூடினாலும் கஷ்டம். நீங்களே மருந்தறையில இருந்தவங்க. அளவு பாக்காம கொடுத்தீங்களா?"

முப்பத்தோரு வருஷம் அந்த ஆஸ்பத்திரியின் மருந்தறையில் நின்றவள் நான். என் கையிலிருந்து ஒரு மாத்திரை கூடியும் போனதில்லை, ஒரு சொட்டு குறைந்தும் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதே கட்டடத்தில், எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் முன்னால், தலை குனிந்து நின்றேன்.

இப்போது அவள் தேவலை. வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. பாசிப் பையைக் கட்டி மேல் அலமாரியில் போட்டுவிட்டேன். பிரசவத்துக்கு ஆகஸ்டில் வருவதாகச் சொன்னீர்களே, அந்தப் பயணம் வேண்டாம். உங்கள் கைப்பக்குவம் இனி இந்த வீட்டு அடுப்புக்கு ஆகாது.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 9

கம்பவுண்டரம்மாவுக்கு,

என் மகள் உங்களை என்னிடம் அப்படித்தான் சொல்வாள். பெருமையாகத்தான் சொல்வாள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகள் தேவலை என்று எழுதிய வரியை மட்டும் அதற்கு மேலும் படித்தேன். அது இல்லாவிட்டால் இந்நேரம் உங்கள் வாசலில் நின்றிருப்பேன்.

பதினாலு வயதில் பாசி எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். எந்தப் பாறையில் எது முளைக்கும், எது தின்ன, எது புண்ணுக்குக் கட்ட, எதை மாட்டுக்குக்கூடப் போடக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்வேன். எங்கள் கரையில் பிள்ளைத்தாய்ச்சி எவளும் இந்தச் சூப்பைக் குடிக்காமல் பெற்றதில்லை. நாலு பிள்ளைக்கும் நான் குடித்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றியதாகச் சொல்கிற பெண்ணும் அந்த நாலில் ஒருத்திதான்.

உங்கள் கடிதத்தைக் கரையில் பெண்களிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "ஊறவச்ச தண்ணிய என்ன பண்ணாங்களாம்?"

எனக்கும் அதுதான் கேள்வி. பாசியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி அலசிக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்க வைத்து, பாசியோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். அந்தத் தண்ணீரை என்ன செய்தீர்கள்? கொட்டச் சொல்லி நீங்கள் எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். அரிசி களைந்த கழுநீரைக் கொட்டவும் என்று யாராவது சீட்டு எழுதுவார்களா?

கோழிக் கிறுக்கல் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், கிறுக்கல்தான். அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

பெற்ற மகளின் பிரசவத்துக்கு வராதே என்று சொல்ல நீங்கள் யார் என்று கேட்க வாய் வருகிறது. அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பெண்ணின் அம்மா


ஜூன் 14

சம்பந்தியம்மாவுக்கு,

தண்ணீரை நான் கொட்டவில்லை.

எப்படிக் கொட்டுவேன்? எங்கள் மலையில் பட்டையோ வேரோ இலையோ, எதை ஊறவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் சாறுதான் மருந்து. சக்கையை எறிந்துவிடுவோம். சாற்றைக் கீழே கொட்டுகிறவளை எங்கள் பக்கம் புத்தி பிசகியவள் என்பார்கள். அதனால் உங்கள் பாசியை ஊறின தண்ணீரிலேயே கொதிக்க வைத்தேன், சுண்டும் வரை காய்ச்சினேன், வடிகட்டினேன். தண்ணீரை உங்கள் மகளுக்குக் கொடுத்தேன். பாசியை ரோஜாச் செடிக்குப் போட்டேன்.

சிரிக்கிறீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். ரோஜா இந்த வருஷம் பூத்ததுபோல் என்றும் பூத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மருமகளைக் கேட்டேன். "உங்க அம்மா வைக்கிற மாதிரி இல்லன்னு ஏன் சொல்லல?"

"நீங்க காலையில எழுந்து அடுப்புல நின்னு காய்ச்சுனீங்க அத்தை. எப்படிச் சொல்றது?" என்றாள்.

என் பங்குத் தப்பை எழுதிவிட்டேன். ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. சூப்பை நிறுத்தியதிலிருந்து அவள் மறுபடி ஒன்றும் சாப்பிடுவதில்லை. இரண்டு வாரத்தில் ஒரு கிலோ இறங்கிவிட்டாள். இந்த மாதத்தில் ஏற வேண்டிய எடை இறங்குகிறது. டாக்டரிடம் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "முறையா செஞ்சா வாரம் ரெண்டு நாள் கொடுத்துப் பாக்கலாம். மாத்திரைய நான் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்துறேன். ஆனா எத்தனை கிராம் பாசின்னு தெரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

நியாயமான பேச்சு. பிடி என்பது எங்கள் மருந்தறையில் செல்லாது. நீங்கள் எடுக்கும் ஒரு பிடி எத்தனை கிராம்? நிறுத்துப் பார்த்து எழுதுங்கள். சீக்கிரம்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 21

கம்பவுண்டரம்மாவுக்கு,

ரோஜாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

மகள் இளைக்கிறாள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே பாசியைத் தூக்கிக்கொண்டு மீன் ஏலக் கூடத்துக்கு ஓடினேன். அங்கே இருக்கிற தராசு சுறாவை நிறுக்கிற தராசு. ஒரு பிடி பாசியை வைத்தால் முள் அசையக்கூட இல்லை. தராசுக்காரர், "என்னக்கா, காத்த நிறுக்க வந்தியா?" என்கிறார்.

அப்புறம் நகைக்கடைக்குப் போனேன். ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். தங்கம் வைக்கிற தட்டில் பாசி வைக்க வந்த முதல் ஆள் நான்தான் என்றார். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று சொன்னதும் தட்டைத் துடைத்துக் கொடுத்தார். ஒரு பிடி எடுத்து வைத்தேன். ஆறு கிராம்.

அவருக்கு நம்பிக்கை இல்லை. கொட்டிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். ஆறு. கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னார். ஆறுக்கு ஒரு மயிரிழை குறைவு, அவ்வளவுதான். "உங்களுக்கு எதுக்கும்மா தராசு?" என்று கேட்டார். தெருவில் இறங்கும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். உங்களுக்கு முப்பத்தோரு வருஷம் என்றால் எனக்கு நாற்பது வருஷம், அம்மா.

ஆறு கிராம். டாக்டரிடம் சொல்லி என் பிள்ளைக்குச் சூப் வைத்துக் கொடுங்கள்.

பெண்ணின் அம்மா


ஜூன் 26

சம்பந்தியம்மாவுக்கு,

கணக்கு உதைக்கிறது.

உங்கள் கடிதம் வந்ததும் நானும் பையை இறக்கி நிறுத்துப் பார்த்தேன். என் பிடி பதினொன்று. மருந்துத் தராசு, பொய் சொல்லாது. என் வீட்டுக்காரர் பிடி பதினாலு. எலும்பும் தோலுமாக இருக்கிற உங்கள் மகளின் பிடி ஒன்பது. கல்யாணத்தில் பார்த்தேனே, நீங்கள் என்னைவிட ஒரு தலை உயரம். அந்த உயரத்துக்கு ஒரு பிடி ஆறு என்றால் நான் எப்படி நம்புவது?

மூன்று தடவையும் ஆறு வந்தது என்கிறீர்கள். அதனால் ஆசாரியின் தராசு மேல் எனக்குச் சந்தேகமில்லை. பயந்துபோய் வேண்டுமென்றே குறைத்து எடுத்தீர்களா? ஆஸ்பத்திரி என்றதும் அப்படித் தோன்றுவது சகஜம்தான். ஆனால் குறைத்துச் சொன்னாலும் ஆபத்து. அந்தச் சூப்பை நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் குறைக்கப் போகிறார். ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் இந்த எண் மேல் நிற்கிறார்கள்.

மருமகளிடம் கேட்டேன். "உங்க அம்மா பிடி எப்படி இவ்வளவு சின்னதா இருக்கும்?" அவள் முகம் மாறிப்போனது. தன் கையையே விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்கு இது தோணவே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம், "அம்மாகிட்டயே கேளுங்க அத்தை. நான் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அதனால் கேட்கிறேன். எனக்கு மரியாதை வேண்டாம், உண்மை வேண்டும். என்ன மறைக்கிறீர்கள்?

மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 2

சம்பந்தியம்மாவுக்கு,

இந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அது என் வலது கை. தாள் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். கட்டைவிரல், அதற்கடுத்த இரண்டு விரல். அவ்வளவுதான் இருக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் கடலுக்குள் போய் இருபத்து நாலு வருஷம் ஆகிறது. படகில் நங்கூரக் கயிறு சுருண்டு இழுத்தது. உங்கள் மருமகளுக்கு அப்போது மூன்று வயது. நாற்பது நாளில் மறுபடி பாசி எடுக்க இறங்கிவிட்டேன். வலியைவிடப் பசி பெரிதாக இருந்தது.

மறைத்தேன் என்கிறீர்கள். உண்மைதான். கல்யாணத்தில் முந்தானையை அந்தக் கையில் சுற்றிக்கொண்டே நின்றேன். என்னை வரவேற்க நீங்கள் கையை நீட்டியபோது பழத்தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேனே, நினைவிருக்கிறதா? திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு முன்னால் ஒரு வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு, "ஊனம் குடும்பத்துல வர்றதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மகள் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்தக் கையால் அவளுக்கு ஒன்றும் கெடக்கூடாது என்று.

கடைசியில் கெட்டது இதனால்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், சீட்டு எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. பிடி என்றால் என் மனதில் வருவது இந்தக் கைதான். உங்களுக்கெல்லாம் அதில் இன்னும் இரண்டு விரல் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. மகளுக்கும் அப்படித்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அம்மா கை என்றால் மூன்று விரல்தான். அவள் வாயை மூடிக்கொண்டது எனக்காக, அவளைத் திட்டாதீர்கள்.

எழுதுகிற கையும் இதுதான். கிறுக்கல் அதனால்தான்.

ஆறு கிராம் பொய்யில்லை. எங்கள் கரையில் இப்போது பெண்கள் என்னைப் பார்த்துத்தான் அளவு கற்றிருக்கிறார்கள், என் பிடியைப் பார்த்து அவர்களும் கொஞ்சம் குறைத்துத்தான் எடுக்கிறார்கள். தப்பு என்னுடையது. பையைக் குப்பையில் போடுகிறேன் என்றாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

பெண்ணின் அம்மா


ஜூலை 16

சம்பந்தி,

உடனே பதில் எழுதவில்லை. கையில் நல்ல செய்தியோடு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். வந்துவிட்டது, கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது வேறு.

உங்கள் கையின் படத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பொருந்தியது, இரண்டு விரல் பொருந்தியது. அதற்கப்புறம் என் விரல் வெறும் தாளில் கிடந்தது. கிறுக்கல் என்று எழுதிய என் விரல். எத்தனையோ சாவை அந்த ஆஸ்பத்திரியில் பார்த்தவள், ஒரு பென்சில் கோட்டைப் பார்த்து அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று விரல் கதையை நீங்கள் சொன்ன பிறகு இதை நான் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. உங்கள் மகளின் கழுத்து ஏன் தடித்தது என்று இத்தனை சண்டையிலும் நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடற்கரையில் மீனும் பாசியுமாக வளர்ந்த பெண்ணுக்கு, என் வீட்டுக்கு வந்து இரண்டே வருஷத்தில் அயோடின் ஏன் குறைந்தது? எங்கள் வீட்டில் மலையில் வெட்டுகிற பாறை உப்புதான். அயோடின் சேர்த்த உப்பைப் பொட்டலம் பொட்டலமாக ஊர்ப் பெண்களுக்குக் கொடுத்து, "இதுதான் போடணும், இல்லன்னா கழுத்து வீங்கும்" என்று முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவள், வீட்டுக்கு வந்து எங்கள் மலை உப்புக்கு ஈடில்லை என்று பெருமையடித்துக்கொண்டு அதையே போட்டேன். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் கடல் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உப்பை மாற்றிவிட்டேன். பழைய உப்பு இரண்டு மூட்டை கிடக்கிறது. அதை ரோஜாவுக்குக்கூடப் போட முடியாது.

இப்போது நல்ல செய்தி. என் வீட்டுக்காரர் தச்சுப்பட்டறையில் உங்கள் படத்தை எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு, வேப்ப மரத்தில் ஒரு கரண்டி குடைந்தார். நான் பக்கத்தில் தராசோடு நின்றேன். நாலு தடவை செதுக்கித் தேய்த்து, ஆறு கிராம் பாசி தலைதட்டி நிற்கிற மாதிரி கொண்டுவந்தோம். என் மகன் அதற்குச் 'சம்பந்தி' என்று பேர் வைத்துவிட்டான். வீட்டில் யாரும் கரண்டி என்று சொல்வதில்லை. "சம்பந்திய எங்க வச்சீங்க?", "சம்பந்தி கழுவியாச்சா?" என்றுதான் பேச்சு.

டாக்டர் கரண்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கரண்டின்னு எழுதறது?" என்றார். நம் பெண் சிரித்துக்கொண்டே பேரைச் சொன்னாள். டாக்டர் நிஜமாகவே சீட்டில் எழுதிவிட்டார்: 'பாசி, ஒரு சம்பந்தி, செவ்வாய், வெள்ளி. ஊறிய நீரைக் கொட்டவும்.' அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தறை வழியாகத்தான் வெளியே வந்தேன். வேண்டுமென்றேதான். எல்லாருக்கும் காட்டினேன்.

இதுவரை மூன்று தடவை கொடுத்தாயிற்று. தண்ணீரைக் கொட்டும்போது கை இழுத்துப் பிடிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டுகிறேன். முதல் வாயிலேயே, "அம்மா சூப்!" என்றாள். வாந்தி இல்லை. சோறும் இறங்குகிறது. நானூறு கிராம் ஏறியிருக்கிறாள். நெஞ்சு சீராக அடிக்கிறது. பிள்ளை உதைக்கிற உதையில் போர்வை நகர்கிறது.

ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கிளம்பி வாருங்கள். கரண்டி பாசியை அளக்கும், பெண்ணின் தலையைத் தடவிக் கொடுக்காது. அதற்கு உங்கள் கைதான் வேண்டும் என்று அவள் கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

உங்கள் சம்பந்தி (மரத்தால் செய்யாதது)


ஜூலை 21

சம்பந்தி,

உங்கள் கடிதத்தைக் கரையில் பாதி வரைதான் நான் வாசித்தேன். பக்கத்தில் இருந்தவள் வாங்கி மீதியைப் படித்தாள். டாக்டர் சீட்டில் நான் இருக்கிறேன் என்றதும் ஒரே கூச்சல். ஆசாரி கடைக்கும் போய்ச் சொன்னேன். அவர், "என் தராசுதான் முதல்ல சொன்னது, அதையும் எழுதச் சொல்லுங்க" என்கிறார். எழுதிவிட்டேன்.

உப்பு விஷயத்தில் நீங்கள் என்னிடம் தலை குனிய வேண்டாம். அவரவர் மண்ணில் கிடைப்பதை உயர்வாக நினைப்பது நமக்கெல்லாம் உள்ள புத்திதான். அந்த உப்பில் கொஞ்சம் எடுத்து வையுங்கள், கருவாடு போட்டுப் பார்க்கிறேன். தண்ணீரைக் கொட்டாமல் குடிக்கிற அந்தப் பட்டைக் கஷாயத்தையும் எனக்குக் காய்ச்சிக் கொடுங்கள். மழைக்காலத்தில் இந்தக் கையில், இல்லாத இரண்டு விரலும் வலிக்கிறது. நாற்பது வருஷக் கடலால் அதற்கு மருந்து சொல்ல முடியவில்லை. உங்கள் மலைக்குத் தெரிந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு வருகிறேன், கையில் தட்டு எதுவும் இருக்காது. கல்யாணத்தில் நீட்டினீர்களே, அதே மாதிரி கையை நீட்டுங்கள்.

உங்கள் சம்பந்தி